மூன்றாம் மேஜை

மார்ச் 3

அன்புள்ள சிஸ்டருக்கு,

வகுப்பில் எல்லோரும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுத்த மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். போனில் அழைக்கலாம்தான். நீங்கள் எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால் கடிதம்.

நலமா? ஆஸ்பத்திரியில் வேலை எப்படி? வீட்டுக்காரரின் முழங்கால் வலி தேவலையா? மகளுக்குப் பரீட்சை நெருங்கியிருக்குமே.

வேறொருவர் எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுத்தார் என்று உங்களைப் படிப்பிலிருந்து நீக்கிய உத்தரவின் நகல், கட்டுரை எழுத உதவி கேட்டு நீங்கள் வந்துகொண்டிருந்த எங்கள் எழுத்து மையத்துக்கும் வந்தது. கோப்பில் வைத்தேன். மிகவும் வருத்தமாக இருந்தது.

இங்கே மையத்தின் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கதவில் பெயர்ப்பலகைகூட மாட்டியாகிவிட்டது. புதிதாக மூன்று பயிற்றுநர்கள் சேர்ந்திருக்கிறார்கள். முதல் நாள் வழக்கமான பாடத்தை நான்தான் சொன்னேன்: பென்சில் மாணவர் கையிலேயே இருக்க வேண்டும், நாம் ஓரத்தில் கேள்வி எழுதலாம், அவர்களுக்காக ஒரு வாக்கியம்கூட எழுதக் கூடாது. சொல்லும்போது நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

உங்கள் நீலச் சால்வை நாம் உட்காரும் மூன்றாம் மேஜை நாற்காலியிலேயே கிடக்கிறது. அனுப்பி வைக்கட்டுமா?

அன்புடன்,
மூன்றாம் மேஜை அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வருவதே அபூர்வம். கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து வீட்டுக்காரர் பயந்துவிட்டார். அவர் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. "படிச்சுக் கிழிச்சது போதும், இனிமேலாவது சாயங்காலம் வீட்டுல இரு" என்றார். இருக்கிறேன்.

பொறுப்புக்கு வந்ததற்கு வாழ்த்து. பலகையை நேராக மாட்டினார்களா?

நர்சிங் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன் அல்லவா, பட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் மகள் சாப்பிடும்போது கேட்டாள், "அம்மா, நிஜமாவே காப்பி அடிச்சியா?" தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள். கேள்வி கேட்பது உங்கள் வேலைதான், ஒரு தடவை பதில் சொன்னால் தப்பில்லை.

சால்வை அங்கேயே இருக்கட்டும். அந்த அறை குளிரும்.

அன்புடன்,
சிஸ்டர்


மார்ச் 22

அன்புள்ள சிஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை நாலு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

மகளிடம் சொல்லுங்கள்: அம்மா காப்பி அடிக்கவில்லை. கட்டுரையின் கடைசிப் பன்னிரண்டு வரியை எழுதியது நான். நீங்கள் கேட்கவில்லை. நானே உங்கள் கையிலிருந்து பென்சிலை வாங்கினேன். அன்று வெளியே கூட்டம், நேரமில்லை, அவசரத்தில் நடந்துவிட்டது. பயிற்சிப் பதிவேட்டில் "கேள்விகள் மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

உங்களை நீக்கிய விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். அனுப்பும் முன் நீங்கள் பார்ப்பதுதான் முறை என்று இத்துடன் வைத்திருக்கிறேன். சரி என்றால் ஒரு வரி எழுதுங்கள், உடனே கொடுத்துவிடுகிறேன்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மகளிடம் உங்கள் கடிதத்தை அப்படியே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "அப்ப நீ ஏம்மா அங்கயே சொல்லல?" என்றாள். என்மேல் அவளுக்குக் கோபம் போகவில்லை, காரணம்தான் மாறியிருக்கிறது.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். விசாரணை அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாம் இருவர். என் வாயால் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை என்றதும், எங்கேயோ படித்தது, மறந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். வெளியே வரும்போது உங்கள் செருப்பைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேடிக்கைதான்.

குழுவுக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பென்சிலால் ஓரத்தில் கேள்வி மட்டும் போட்டிருக்கிறேன். மங்கலாக இருந்தால் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

"மையத்தின் வழிமுறை மீறப்பட்டிருக்கலாம்" என்று இருக்கிறது. மீறியது யார்? இருக்கலாமா, இருக்கிறதா?

"அன்று மாணவர் கூட்டம் அதிகம்" என்று இருக்கிறது. அன்று நமக்கு அடுத்து வர வேண்டிய பையன் வரவில்லை. நாம் டீ வாங்கிவந்து குடித்தோம். நினைவில்லையா?

விசாரணை அறையில் உங்களிடம் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்த இடம் இதில் இல்லையே?

எழுதியவருக்குத் தான் என்ன சொல்ல வருகிறோம் என்று தெரிந்திருக்கிறதா? இது நீங்கள் என் முதல் கட்டுரையில் எழுதிய கேள்வி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்.

சிஸ்டர்


ஏப்ரல் 19

அன்புள்ள சிஸ்டருக்கு,

குழுவுக்குப் புதிதாக எழுதி நேற்று நேரில் கொடுத்தேன். நகல் இத்துடன் இருக்கிறது. அதில் உள்ளதை உங்களிடமும் நேராகச் சொல்ல வேண்டும்.

கூட்டம் இல்லை. டீ குடித்தது நன்றாக நினைவிருக்கிறது. கடைக்காரன் உங்கள் டீயில் சர்க்கரை போட்டுவிட்டான் என்று நீங்கள் முகம் சுளித்தீர்கள்.

ஒரு ஷிஃப்ட் நர்ஸ் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது என்னென்ன விட்டுப்போகிறது என்பது உங்கள் கட்டுரை. அதை நீங்கள் ஆறாம் படுக்கைப் பெரியவரோடு முடித்திருந்தீர்கள். ஆள் மாறும்போதெல்லாம், எனக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார், நர்சுகள் எழுதிவைத்திருப்பார்கள் என்று அவர் நம்பவில்லை என்று. அவ்வளவுதான், மூன்று வரி. அது போதாது, கனமாக முடிய வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு எழுத வரும் என்று காட்ட ஆசைப்பட்டேன். இருபது வருடமாக ஓரத்தில் கேள்வி மட்டும் போட்டவளுக்கு ஒரு நாள் கை அரித்தது. என் பன்னிரண்டு வரியில் ஒரு நோயாளிகூட இல்லை. உங்கள் பேராசிரியர் அதைத்தான் கண்டுபிடித்தார்.

அறையில் குழுத் தலைவர் கேட்டது: "நீங்க ஏதாவது எழுதிக்கொடுத்தீங்களா?" நான் சொன்னது: "எங்க மையத்துல அந்த வழக்கம் இல்லை." பொய் சொல்லாமல் பொய் சொன்னேன். அந்த வாரம்தான் மையத்தின் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்ய இருந்தார்கள். சொல்லும்போது உங்கள் கை மேஜைமேல் இருந்தது. நான் சொன்னதும் அதை மடிக்கு எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

நேற்றைக்குக் குழுத் தலைவர் படித்துவிட்டு, "இதை நீங்க எழுதியிருக்க வேண்டாமே, விஷயம் முடிஞ்சு போச்சே" என்றார். எனக்கு இன்னும் முடியவில்லை என்றேன்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நகலைப் படித்தேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். கேட்க ஒன்றும் இல்லை.

நீக்கிய உத்தரவை ரத்து செய்து தாள் வந்துவிட்டது. அடுத்த மாதம் வகுப்பு. கட்டுரையை மறுபடி கொடுக்க வேண்டுமாம். ஆறாம் படுக்கைப் பெரியவரோடுதான் முடிக்கப்போகிறேன். பயிற்சிப் பள்ளியில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். மகள் தாளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உங்களைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று அலுவலகத்துப் பெண் சொன்னாள். பலகையை எடுத்த இடத்தில் கதவில் நாலு ஓட்டை இருக்கிறதாம். திரும்ப மூன்றாம் மேஜையில் உட்காருகிறீர்கள் என்றும் சொன்னாள். அது நல்லதுதான். நீங்கள் நல்ல பயிற்றுநர், இதை மனதாரச் சொல்கிறேன்.

எழுத்து மையத்துக்கு நேரம் கேட்கும் படிவத்தில் எந்த மேஜை என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் மூன்று என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன். கோபத்தில் செய்ததல்ல. உங்கள் எதிரே உட்கார்ந்தால் நீங்கள் பென்சிலை நகர்த்தும்போதெல்லாம் நான் உங்கள் கையையே பார்ப்பேன். படிப்பு ஓடாது.

உள்ளே போக உங்கள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்போது குனிந்து எதையாவது தேடாதீர்கள். வணக்கம் சொன்னால் நானும் சொல்வேன்.

சால்வையை ஐந்தாம் மேஜையில் வைத்துவிடுங்கள்.

சிஸ்டர்