பையில் இருந்த பேட்டரி

வைகாசி, கருட சேவை நாள். இரவு.

சுமதி கேமரா வாங்கியபோது கூடப் போனவளே நான்தான். அவள் பக்கத்துத் தெருப் பெண். என்னைப் பார்த்துத்தான் அவளுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. நான் வைத்திருக்கும் அதே மாடலை வாங்கச் சொன்னேன். "ரெண்டுக்கும் ஒரே பேட்டரிதான். எங்கிட்ட எக்ஸ்ட்ரா இருக்குது, நீ காசை லென்ஸ்ல போடுமா" என்றேன். நம்பினாள்.

இன்று விடியுமுன் வரதர் கோயில் கோபுர வாசலில் இருவரும் நின்றோம். கருட வாகனத்தில் பெருமாள் வெளியே வந்ததும் குடையால் ஒரு கணம் மறைப்பார்கள். குடை விலகும்போது எடுக்கும் படத்துக்குத்தான் இருவருக்கும் அவ்வளவு ஆசை. சரியாக அதற்கு முன் அவள் கேமரா அணைந்துவிட்டது.

"அக்கா, பேட்டரி பூட்ச்சு. உன்னோடது ஒண்ணு குடுக்கா."

என் கேமராவில் பாதி சார்ஜ் இருந்தது. பையில் இன்னொரு பேட்டரியும் இருந்தது. ஊர்வலம் முழுக்க எடுக்க வேண்டுமே என்று பயம். "அதுவும் தீந்துபோச்சுமா" என்றேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. "சரி, நீயாவது நல்லா எடு" என்று என் முதுகுக்குப் பின்னால் போய், கைகளை விரித்துக் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டாள். என் படம் ஒன்றுகூட ஆடவில்லை.

சாயங்காலம் தன் அப்பாவுக்குக் காட்டப் படம் கேட்டாள். அனுப்பினேன். "நம்ம போட்டோ சூப்பர்க்கா" என்று பதில் வந்தது.

நம்ம போட்டோ.

இப்போதுதான் பையைக் காலி செய்தேன். ஊர்வலம் முடியும்வரை அந்தப் பேட்டரி எனக்குத் தேவைப்படவே இல்லை. பழக்கத்தில் சார்ஜரில் சொருகினேன். சொருகியதுமே பச்சை விளக்கு எரிந்தது.