பூனைக்குட்டியின் வாயில் நீ கண்டது

இன்று காலை முகம் கழுவிவிட்டு உள்ளே வரும்போது வெறுங்காலில் ஏதோ குத்தியது. மீன்முள் என்று நினைத்துக் குனிந்து எடுத்தேன். அரிசிமணி அளவில், ஒரு முனை வளைந்து கூராக ஒரு பல். எங்கள் வீட்டுப் பூனைக்குட்டியின் பல்.

"ஆர் இதுக்கு அடிச்சது?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பியும் பார்க்கவில்லை. "ஒருத்தரும் அடிக்கேல்ல. பால்பல்லு விழுந்திருக்கு. குட்டியளுக்கு விழுந்து முளைக்கிறதுதானே. இவ்வளவு படிச்சனீங்கள், இது தெரியாதோ?"

குட்டியைப் பிடித்து உதட்டை உயர்த்திப் பார்த்தேன். பல் விழுந்த இடத்தில் புதியது வெள்ளையாக முனை காட்டியது. மறுபக்கம் பழைய பல்லும் புதிய பல்லும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பிறகு கதிரையில் இருந்துவிட்டேன். தேநீர் ஆறிப்போனது. உன்னைத்தான் நினைத்தேன். உன் ஆண்டுத் திவசம்கூட இன்னும் வரவில்லை, அதற்குள் உன்மேல் எனக்குப் புதிதாக ஒரு வழக்கு.

வெள்ளைக்காரக் கடற்படை இந்த ஊர்த் துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில காலம் கழித்து நீயும் நானும் அங்கே எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தோம். பாலையூற்றில், நாங்கள் மாமி என்று கூப்பிட்ட ஒருவரின் வீட்டு முன்னறையில் இரண்டு கட்டில் போட்டு வாடகைக்கு இருந்தோம். மாமி கணவனை இழந்தவர். அவருக்கு ஒரே மகள். என் அம்மாவுக்கும் மாமிக்கும் கடிதப் போக்குவரத்து நடந்து, சாதகம் பொருந்தி, தை பிறந்ததும் அம்மா வந்து கலியாணக் கதையை முடிப்பதாக இருந்தது. நான் அந்தப் பெண்ணோடு அதிகம் கதைத்ததில்லை. ஆனாலும் அவள்தான் என் மனைவி என்று மனத்தில் முடிவு செய்து வைத்திருந்தேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் என்ன நடந்தது?

அவள் ஒரு பூனைக்குட்டி வளர்த்தாள். அது நான் தோய்த்து மடித்துவைத்த சேட்டுகளின்மேல்தான் படுக்கும். நான் குடையைத் தரையில் தட்டித் துரத்துவேன். நீ சிரிப்பாய். "மச்சான், அதுக்கும் நீதான் மாப்பிள்ளையெண்டு தெரிஞ்சுபோச்சு" என்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி அறை கூட்டியபோது என் கட்டிலின் கீழே ஒரு பல் கிடந்தது. என் தலையணை உறையில் சின்ன இரத்தக் கறை. மாமி பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, இது என்ன?"

"எனக்குத் தெரியாது மாமி. நான் அதைத் தொட்டதுமில்லை."

"குடையோட துரத்தினதை நான் எத்தினை நாள் கண்டனான். நேற்றிலிருந்து அது கருவாட்டைக் கடிக்க ஏலாமல் வாயைச் சரிச்சுக்கொண்டு திரியுது."

"துரத்தினனான். அடிக்கேல்ல."

மகள் குசினி வாசலில் நின்றாள். அப்போதுதான் நீ குட்டியைத் தூக்கினாய். யன்னல் வெளிச்சத்தில் அதன் வாயைத் திறந்து பார்த்தாய். சும்மா பார்க்கவில்லை. விரலால் பல்முரசைத் தடவி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, வெகுநேரம் பார்த்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கைத்துறையில் உன் வீட்டில் பூனைகள் மீன்வாடியிலும் பாயிலும் குட்டி போடும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நீ நிமிர்ந்து ஒருதரம் குசினிப் பக்கம் பார்த்தாய். பிறகு, "ஒண்டும் விளங்கேல்ல மாமி" என்றாய்.

அவ்வளவுதான் நீ சொன்னது. பிறகு பஞ்சை உப்புத் தண்ணீரில் தோய்த்து அதன் வாயைத் துடைத்தாய். மாமி சோற்றை மீன் ஆணத்தில் குழைத்துக் கொடுத்தார். குட்டி தின்றது. என்னை மட்டும் ஒருவரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

பின்னேரம் மாமி வேலிக்கரையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது. நான் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னார். "வாயில்லாச் சீவனுக்குப் பல்லு உடைய அடிக்கிற கை, நாளைக்கு என்ர பிள்ளைக்கு என்ன செய்யும்?" அடுத்த வாரம் பொருத்தம் சரிவரவில்லை என்று அம்மாவுக்குக் கடிதம் போனது. ஏற்கெனவே பொருந்திய சாதகம் அது! நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு துறைமுக வீதியில் ஓர் அறைக்குப் போனேன். இரண்டு வருடத்துக்குள் அவளை நீ கட்டினாய்.

அன்று தொடங்கி உன்னை நான் 'நீங்கள்' என்றேன். ஒபிஸில் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் இருந்துகொண்டு, கோப்பைத் தள்ளிவிட்டு 'இதைப் பாருங்கோ' என்பேன். மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். உனக்கு விளங்கியது. ஒருதரம் மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காக இறங்குதுறையில் இருவரும் நின்றபோது நீ கிட்ட வந்தாய்.

"மச்சான், உன்னோட ஒரு கதை இருக்கு."

"ஒபிஸ் கதையெண்டால் சொல்லுங்கோ."

நீ கடலைப் பார்த்தாய். "ஒபிஸ் கதை இல்லை. சரி, விடு" என்றாய். லோஞ்சு வந்தது. நீ முன்னால் இருந்தாய், நான் பின்னால் இருந்தேன். பெண்ணைத் தட்டிப் பறித்துவிட்டுச் சமாதானம் பேச வருகிறான் என்று நினைத்தேன். ஆனால் எப்படித் தட்டிப் பறித்தாய் என்பதற்கு என்னிடம் சான்று இருக்கவில்லை. இன்று காலை அது என் காலில் குத்தியது. நீ அந்தக் குட்டியின் வாயில் புதுப் பல்லைக் கண்டாய். கண்டும் மறைத்தாய்.

வேலைக்குப் போகவில்லை. பல்லைக் கடதாசியில் மடித்துக்கொண்டு பஸ் ஏறிப் பாலையூற்றுக்குப் போனேன். உன் மனைவி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உன் சாவீட்டில் நான் வாசலோடு நின்று திரும்பியதால், இவ்வளவு காலத்துக்குப் பிறகு முகம் பார்த்துக் கதைத்தது இன்றுதான். கடதாசியை விரித்தேன். அவர் பார்த்தார். சிரிக்கப் போனவர் அடக்கிக்கொண்டார்.

"இப்பதானோ கண்டனீங்கள்?"

"அவனுக்கு அப்பவே தெரியும், என்ன?"

"ஓம், தெரியும். அவருக்கு முதலே எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின கிழமை ஒரு பல்லு குசினிக்குள்ள கிடந்தது. கூட்டி எறிஞ்சனான்."

"பிறகேன் வாயைத் திறக்கேல்ல?"

ஈரத் துணியைக் கொடியில் போட்டு நீவி விட்டபடியே சொன்னார். "எனக்கு உங்களைக் கலியாணம் செய்ய விருப்பமில்லை. அம்மாவிட்ட அதைச் சொல்ல ஏலாது. நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனால் கறியில உப்புக் கூடினாலும் வேணுமெண்டு போட்டதெண்டு பாப்பியள். கடிதம் பிந்தினாலும் தபால்காரன் உடைச்சுப் பாத்திட்டானெண்டு சொல்லுவியள். அதோட ஒரு ஆயுசு இருக்க எனக்குப் பயம். அம்மா பல்லை எடுத்துக்கொண்டு வந்தவுடன நல்லதெண்டு நினைச்சன்."

"அவன்?"

"அவர் அதின்ர வாயைப் பாத்திட்டு என்னைப் பாத்தார். வேண்டாமெண்டு தலையாட்டினன். விளங்கிக்கொண்டார். சத்தியமாய் அப்ப எங்களுக்குள்ள ஒண்டுமில்லை. பிறகு உங்களிட்ட உள்ளதைச் சொல்லவேணுமெண்டு எத்தினையோ தரம் வெளிக்கிட்டவர். கடைசியில அவரே விட்டிட்டார். 'நீதான் அவனை வேண்டாமெண்டனி எண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டான். என்னைக் கள்ளனெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும், அது அவனுக்குச் சுகம்' எண்டார்."

தேநீர் குடிக்கச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். செத்த புருஷனை நல்லவனாக்கப் பெண்கள் எத்தனையும் சொல்வார்கள். தலையாட்டியதை யார் கண்டது? 'ஒன்றுமில்லை' என்றால் இரண்டு வருடத்தில் எங்கிருந்து வந்தது? இப்படிக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆனால் உப்பும் தபால்காரனும் பொய்யில்லை. தபால்காரனைப் பற்றி நான் அந்த வீட்டில் சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. பொய் சொல்ல வருகிறவர் இப்படியொரு உண்மையை இடையில் கொண்டுவந்து வைக்கமாட்டார்.

ஆகவே, நம்புகிறேன் என்றே வைத்துக்கொள். உன்னிடம் எனக்கு ஒன்று கேட்கவேண்டும். என்னை அவள் வேண்டாம் என்றாள். அது எனக்கு வந்த பதில். என் அம்மா கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில். அதை என்னிடம் தராமல் வைத்துக்கொள்ள நீ யார்? நான் தாங்கமாட்டேன் என்று யாரைக் கேட்டுத் தீர்மானித்தாய்? இருபத்தைந்து வயதில் அதைக் கேட்டிருந்தால் ஒரு மாதம் அழுதிருப்பேன், பிறகு உன்னோடு லோஞ்சில் முன்னால் இருந்து வந்திருப்பேன்.

நீ என்னைக் கவிழ்த்தாய் என்ற கோபத்தை இவ்வளவு காலமும் சுமந்தேன். அது பாரமாகவே இருக்கவில்லை. அதில் நான் சரி, நீ பிழை. இன்று பஸ்ஸால் இறங்கியபோது அது என்னிடம் இல்லை. அதற்குப் பதிலாக நீ என்னை ஏன் நம்பவில்லை என்ற கோபம் இருக்கிறது. இதை எப்படிச் சுமப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இதில் நீ நல்லவனாக இருக்கிறாய்.