குறைக்காத குளிசை

2015 பெப்ரவரி 9, திங்கள்

இறால் பண்ணையில் தண்ணீர் மாற்றிவிட்டு உடப்பு வீட்டுக்கு வர மூன்று மணி. தங்கச்சி லோஜினி கழுத்தைத் துணியால் மூடிக்கொண்டு இருக்கிறாள். கட்டி, பாக்களவு. இரண்டு கிழமையாக இருக்கிறதாம், காய்ச்சலும் வந்து வந்து போகிறதாம். என்னிடம் சொல்ல என்ன பயம் இவளுக்கு? கத்திவிட்டேன். என் கிட்னியை அவளுக்கு வைத்து வருகிற ஆவணிக்கு இரண்டு வருஷம். ஒரு தும்மல் தடிமன் என்றாலும் சொல்ல வேண்டாமா?

பெப்ரவரி 26

கொழும்பு கிளினிக். கட்டியில் துண்டு எடுத்துப் பார்த்த முடிவு வந்தது. புற்றுநோய். வைரஸால் வந்ததாம். அநேகமாக எல்லோர் உடம்பிலும் சும்மா படுத்துக் கிடக்கிற வைரஸ்தானாம். கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க இவள் போடும் குளிசை மருந்து, உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கிறது. அந்த இடைவெளியில் அது எழும்பிவிட்டது. எனக்கு வைரஸ் என்றால் இறாலுக்கு வரும் வெள்ளைப் புள்ளிதான் தெரியும்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை. "குளிசையைக் குறைப்போம். உடம்பு தானே கட்டியோடு சண்டை பிடிக்கும். கிட்னி போனாலும் போகலாம். ஆள் முக்கியம்."

ஆள் முக்கியம், ஓம். பிறகு நான் ஏன் அப்படிக் கதைத்தேன்? பஸ் சிலாபம் வந்ததும் அவளிடம் கேட்டேன்: "அப்ப நான் வெட்டிக் குடுத்தது சும்மாவா?" டொக்டரில் வந்த கோபம். ஆனால் பக்கத்தில் இருந்தது அவள்தானே.

"இல்லண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 3

என் சனியன் பிடித்த வாய்.

மார்ச் 19

கிளினிக்குக்குப் போகவில்லை. பஸ்ஸில் இருக்க ஏலாதாம். "குளிசை குறைச்சிட்டன் அண்ணா, அதான் அசதி" என்றாள். அப்படித்தான் இருக்கும். பண்ணையில் இறால் பிடிக்கிற நேரம், எனக்கும் லீவு தரமாட்டார்கள்.

ஏப்ரல் 9

இரத்தத்தில் மருந்து கொஞ்சமும் குறையவில்லையாம். குளிசையைக் குறைத்தாயா என்று டொக்டர் அவளிடம் இரண்டு தரம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி தவமணி அவளுடைய அலுமாரியைத் திறந்தாள். உடுப்புக்குக் கீழே குளிசை அட்டைகள், எல்லாம் வெறும் அட்டை. முந்தித் தந்து மிஞ்சியவற்றையும் சேர்த்து, காலையும் மாலையும் பழைய அளவுக்கே விழுங்கியிருக்கிறாள்.

"ஏன்டி?" என்றேன்.

"உங்கட கிட்னி அண்ணா. அத நான் கெடுக்கக் கூடாது."

ஐயோ, நான் மனிசனா? தவமணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பஸ்ஸில கேட்டீங்களாமே. அத அவ மறக்கேல்ல."

கட்டி ஈரலுக்கும் போயிருக்கிறது.

ஏப்ரல் 14

புதுவருஷம். வார்டில் இருக்கிறோம். அந்தக் குளிசை முழுக்க நிறுத்தியாயிற்று, புற்றுநோய்க்குப் பெரிய மருந்து ஏற்றுகிறார்கள். "கிட்னி போனா போகட்டும். நீ இரு, அது மட்டும் காணும் எனக்கு" என்று சொன்னேன். முந்தியே சொல்லியிருக்க வேண்டியது. சிரித்தாள். எங்கள் ஊர்க் கோயில் திரௌபதை அம்மா, அந்தக் கிட்னியை எடுத்துக்கொள். இவளை விடு.

மே 6

காலை பத்து மணிக்கு லோஜினி போய்விட்டாள். இருபத்தேழு வயது.

மே 21

மிச்சக் கடதாசிகள் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டொக்டர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். நல்ல மனிசன். எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தேடியிருக்கிறார். கடைசி இரத்தப் பரிசோதனைக் கடதாசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கள் கொடுத்த கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி நாள் வரைக்கும் நன்றாக வேலை செய்தது."

நன்றி சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.