ஏரிக்குள் நின்ற இரட்டை வீடு

என் சிநேகிதிக்கு,

இன்று காலை வேலியை வெட்டினேன். வேலியாக வளர்கிற இந்தப் புக்ஸ்பொம் செடியை வெட்டும்போது வருகிற மணம் உனக்குத் தெரியும். "சீ, பூனை மூத்திரம்" என்று மூக்கைப் பொத்தினவள் நீதானே. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உன்னை நினைத்தபடி நின்றேன்.

டென்மார்க்கை விட்டு, எஸ்பியர்க்கிலிருந்து எங்கள் தமிழ் ஆட்கள் குடும்பம் குடும்பமாக லண்டனுக்குப் பெயர்ந்த காலம் அது. நாங்களும் பெட்டி கட்டிவிட்டோம். தமிழில் கேட்டால் மகன் டேனிஷில் பதில் சொல்லுவான். எல்லாரும் போனபின் தனித்துப் போவோமே என்ற பயம் எனக்கு. போகாதே என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போக முன்னம் அந்த ஏரிக் கோட்டையை ஒருக்காப் பாப்பம், வா" என்று ஃபூன் தீவுக்குக் காரை விட்டாய்.

ஏரிக்குள் கருவாலி மரங்களைத் தூண்களாக அடித்து இறக்கி, அதன்மேல் செங்கல்லால் எழுப்பிய பிரபு வீடு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று. உள்ளே முதுகோடு முதுகு ஒட்டின இரண்டு வீடுகள். நடுச்சுவர் ஓர் ஆள் படுக்கிற அகலம். படிக்கட்டும் கிணறும் அந்தச் சுவருக்குள்ளேயே! நான் வாயைப் பிளந்தேன், உனக்குச் சிரிப்பு.

"எடியே, கட்டினவன் சரியான பயந்தாங்கொள்ளி. எதிரி ஒரு வீட்டைப் பிடிச்சால் மற்ற வீட்டுக்குள்ள ஓடி நிண்டு அடிபடலாமாம். நிம்மதியா நித்திரை கொண்டிருப்பானோ?"

பிறகு தோட்டத்துக்கு வந்தோம். சண்டைப் பயம் தீர்ந்த பிறகு வந்த தலைமுறைகள் போட்ட தோட்டம். நூல் பிடித்து வெட்டிய புக்ஸ்பொம் வேலிகள், ரோசாப் பாத்திகள், தண்ணீரில் அசையும் கோட்டையின் நிழல். அங்கேதான் சொன்னாய்: "அது பயத்தில கட்டினது. இது ஆசையில வைச்சது. லண்டனுக்கு ஆசையில போறியெண்டால் போ. பயத்தில மட்டும் போகாதை."

திரும்பி வரும்போது பாலத்தில் விம்மி விம்மி அழுதேன். வீட்டுக்கு வந்து பெட்டியை அவிழ்த்தேன். "கோட்டை பாக்கப் போனவளுக்கு மண்டை பிசகிப் போச்சு" என்றார் இவர். அடுத்த கிழமையே நீ புக்ஸ்பொம் கன்றுகளோடு வந்து நின்றாய். கயிறு கட்டித்தான் நட்டோம், அப்படியும் கோணல். இன்றுவரை அதை நான் திருத்தவில்லை.

என்னை இங்கே நிற்க வைத்துவிட்டு, போன மாரிகாலத்தில் நீ கண்ணை மூடிவிட்டாய். நல்ல வேலை பார்த்தாய்! எனக்கு உன்மேல் கோபம்தான். ஆனால் நின்றதற்கு ஒருநாளும் வருந்தியதில்லை.

மகன் இப்போது வேலைக்காக லண்டனில். நேற்று ஃபோன் எடுத்தான். தமிழில்தான் கதைத்தான், கேட்டுக்கொள். "அம்மா, அப்பாவும் இல்லை, அன்ரியும் இல்லை. தனிய இருக்கப் பயமில்லையோ? இங்க வந்திடுங்கோ."

"பயத்தில வரமாட்டன், தம்பி. ஆசை வந்தால் வாறன். நாளைக்கு எனக்கு வேலி வெட்டக் கிடக்கு" என்றேன்.