நீ வெட்டிய சொற்கள்

இன்று பிற்பகல் கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் ஒரு திரையில் உன் பெயரைப் பார்த்தேன். பட்டியலின் அடியில் இருந்தது.

வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். ஒரு நிறுவனத்தின் ஆளெடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், விண்ணப்பங்களை வேலை விளம்பரத்தோடு ஒப்பிட்டுக் கணினி எப்படித் தரம் பிரிக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். எல்லையோரத்துப் பாறசாலைப் பக்கத்துக்காரர். நான் தமிழ்ப் பத்திரிகை என்றதும் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறினார். "யாரோட ரெஸ்யூமாவது உண்டா? போட்டுக் காட்டலாம்" என்றார். கூடியிருந்த பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். நீ அனுப்பியது என் கைபேசியில் இருந்தது. போன மழைக்காலத்தில் நீ இறந்த பிறகும் உன் வாட்ஸ்அப்பை நான் அழிக்கவில்லை. அதைக் கொடுத்தேன்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். 'பொருத்தம் குறைவு' என்று சிவப்பில் வந்தது.

"இத்தனை வருஷம் பத்திரிகை டெஸ்க்குல செய்தி திருத்தினவருங்கம்மா" என்றேன்.

"அது சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும் சாரே? விளம்பரத்துல 'கன்டென்ட் எடிட்டிங்'னு இருக்கு, 'ப்ரூஃப் ரீடிங்'னு இருக்கு. இவரு 'டெஸ்க்'னு மட்டும் எழுதியிருக்காரு. வேண்டிய வார்த்தை ஒண்ணும் இல்ல."

"அப்போ இதை ஆள் யாராவது படிப்பாங்களா?"

"மேல வர்றதத்தான் ஆளு படிக்கும். அடியில கிடக்குறத ஆரும் திறக்க மாட்டாங்க."

சரியாகத்தான் கேட்டேனா என்று, தொழில் பழக்கத்தில், மறுபடியும் கேட்டேன். அதே பதில்தான். பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் பத்திரிகையின் உள்ளூர்ப் பதிப்பை மூடிய பிறகு, சாலைக் கடைத்தெருவில் உன் தம்பியின் பலசரக்குக் கடைக்கு உள்ளே, அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு நீ அந்த விண்ணப்பத்தை எழுதினாய். எங்கள் செய்திகளை வெட்டிய அதே சிவப்புப் பேனாவால் உன் ஆங்கிலத்தையும் வெட்டினாய். விளம்பரத்தில் இருந்த சொல் உன் வரியில் வந்தால் உனக்கு அது களவு. ஒரு சொல் இரண்டாம் முறை வந்தால் அழுக்கு. "ஒரு தடவை சொன்னா போதும்டே, படிக்கிறவன் பொட்டனா?" என்பாய். 'கன்டென்ட்' என்ற சொல்லை அடித்துவிட்டு, "கன்டென்ட்னு மருந்து பாட்டில்லயும் போட்டிருக்கும். நாம திருத்துனது செய்தி" என்றாய். நான் சிரித்தேன். நானும் பத்திரிகைக்காரன்தானே, எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

பதில் வரவில்லை. நீ வேறு மாதிரி எழுதினாய். அதற்கும் வரவில்லை. பதில் வராத ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வெட்டினாய். ஒன்றரைப் பக்கம் ஒரு பக்கமாயிற்று. ஒரு நாள் டீக்கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், "படிச்சிட்டுதான் வேண்டாம்னு வச்சிருக்கானுவ. என் எழுத்துல என்னமோ போச்சுடே" என்றாய். அதற்கு முன் உன் எழுத்தைப் பற்றி நீ சந்தேகப்பட்டு நான் கேட்டதில்லை. அந்த நினைப்போடுதான் போனாய்.

படிக்கவே இல்லை. அவர்களில் ஒருவரும் படிக்கவே இல்லை.

அந்தப் பெண் என்னிடம் நீ என்னென்ன வேலை செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, அதற்கு விளம்பரத்தில் உள்ள பெயரை உன் வரிகளில் சேர்த்தார். "பொய் ஒண்ணும் இல்லல்லோ?" என்று நடுவே கேட்டுக்கொண்டார். இல்லை. நீ செய்த வேலைதான், அவர்கள் வைத்த பெயர். மறுபடி போட்டார். உன் பெயர் பட்டியலின் உச்சிக்குப் போயிற்று. அதே ஆள்தான்.

"நல்ல ஆளாக்கும் சாரே. எங்க ஆபீஸ்லயே ஒரு இடம் உண்டு. நாளைக்கு வரச் சொல்லுங்க."

நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேன். அவர் கை விசைப்பலகையிலிருந்து விலகியது. பிறகு, யாரும் கேட்காமலே, நீ எழுதியபடி இருந்த பழைய பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி வரியில் சிரித்துவிட்டார். பொழுதுபோக்கு என்ற இடத்தில் நீ எழுதியிருந்ததற்கு: 'நிருபர்களின் பெயரடைகளை நீக்குவது.'

"சாரி சார்" என்றார்.

"சிரிங்கம்மா. அந்த இடத்துல சிரிக்கணும்னுதான் எழுதினான்."

பஸ்ஸில் திரும்பும்போது வெளியே எதையும் பார்க்கவில்லை. வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து, நீ கற்றுத்தந்தபடி ஒரு முறை வாசித்தேன். 'படிக்கவே இல்லை' என்பது அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருக்கிறது. உன் விதிப்படி ஒன்றை வெட்ட வேண்டும். பேனாவை எடுத்தேன். வெட்டவில்லை.