மெட்டியில் விட்ட இடைவெளி

கே.கே. நகரில் தங்கை வீட்டில் இருப்பவளுக்கு,

பத்து நாள் என்று சொல்லிப் போனாய்; நாலு மாதம் ஆகிறது. காரணம் கேட்டு இதை எழுதவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை. சாதம் தினமும் குழைந்துபோகிறது, அதையே சாப்பிடுகிறேன்.

தில்லை நகரில் வெள்ளி நகை செய்யக் கற்றுத் தருகிறார்கள். ரிட்டயரானவன் எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? சேர்ந்துவிட்டேன். கற்றுத் தருபவள் அஃபீஃபா, நம் பெண்ணைவிடச் சின்னவள். முதல் வேலையே மெட்டி. அளவுக்கு, குழாயடியில் நீ கழற்றி வைத்துவிட்டுப் போன ஜோடியை எடுத்துப் போனேன்.

கம்பியை வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பற்றவைத்தேன். விரலில் கொப்புளம். இருந்தாலும் ஒட்டியதே தெரியவில்லை என்று பெருமையாக நீட்டினேன்.

“நடுவுல இடைவெளி விடணும் சார். கால் வீங்கினா எப்படிக் கழட்டுவாங்க?”

“எதுக்குக் கழட்டணும்?” என்றேன்.

அவள் அடுத்தவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். போன வருஷம் கால் வீங்கி, மெட்டியைக் கழற்ற வேண்டும் என்று நீ அழுதபோதும் இதையேதான் கேட்டேன்.

நேற்று நான் செய்த இரண்டு மெட்டியையும் அறுத்து, குத்தாதபடி முனைகளை ராவினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. என் கால்விரலில் போட்டுப் பார்த்தேன். கழற்றுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

சித்திரை வீதியிலிருந்து,
நான்.