தௌரிஸின் வலது முழங்கை

2014 பிப்ரவரி 11

கன்சுவேலோ போகும் வழியில் வண்டி கிளட்ச் போச்சு. அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டதற்கு நல்லா வேணும் எனக்கு. மெக்கானிக் வரும்வரை கரும்புத் தோட்டத்துப் பக்கம் இருந்த மைதானத்தில் போய் நின்றேன். ஏழெட்டுப் பையன்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன், ஒல்லிப் பிச்சான், நீளக் கை, கிழிந்த ஷூ. பந்து வீசினான். கேட்சர் கையுறையில் அது விழுந்த சத்தத்தில் மெக்கானிக்கை மறந்தேன்.

ஓடிப்போய் வண்டியிலிருந்து வேகம் அளக்கும் ரேடாரை எடுத்து வந்தேன். எண்பத்தெட்டு மைல். மறுபடியும் எண்பத்தெட்டு. அப்புறம் தொண்ணூறு!

வயசு பதினஞ்சு. பெயர் தௌரிஸ். எந்தப் பயிற்சியாளர் கையிலும் இன்னும் சிக்கவில்லை. அப்பா இல்லை. அம்மா நியுர்கா பஸ் நிறுத்தத்தில் யானிகெகே என்ற மாவு அப்பம் பொரித்து விற்கிறாள்.

இருபது வருஷமாக இந்தத் தீவில் ஒரு வெளிநாட்டுப் பேஸ்பால் கிளப்புக்கு ஆள் பார்க்கிறேன். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 20

தலைமை அலுவலகத்துக்கு வீடியோ அனுப்பினேன். அங்கே என் மேலதிகாரி கிரெக் உடனே கூப்பிட்டான். "பையனுக்கு மே மாசம் பதினாறு முடியுதா? அப்போ ஜூலை ரெண்டாம் தேதி, பதினாறு முடிஞ்ச பசங்களை எல்லாக் கிளப்பும் ஒப்பந்தம் பண்ற அன்னிக்கே கையெழுத்து. அதுவரைக்கும் வேற எவன் கண்ணுலயும் படக் கூடாது."

நியுர்காவிடம் பேசினேன். வேறு எந்தக் கிளப் ஆள் வந்தாலும் வீசக் கூடாது, ஊர் ஆட்டத்துக்கும் போகக் கூடாது என்றேன். அவள் மாவைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, நீங்க சொன்னா சரி. ஆனா கடைசியில கையை விரிச்சிர மாட்டீங்களே?"

மாட்டேன் என்றேன். மொறுமொறுவென்று வந்த ஒன்றைத் தனியாக எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தாள். காசு வாங்கவில்லை.

மார்ச் 16

அந்தப் பொம்பளையின் கூத்தைப் பார்க்கணுமே! மகனின் வலது கை தேயக் கூடாதாம். தண்ணீர் வாளி, எண்ணெய்ச் சட்டி, சோற்றுக் கரண்டி — எல்லாம் இடது கைதான். "டேய், வலது கையால கதவைத் திறக்காத!" என்று நான் இருக்கும்போதே கத்தினாள். தௌரிஸ் என்னைப் பார்த்து, "ஐயா, மூக்கை மட்டுமாவது வலது கையால நோண்டிக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மார்ச் 29

மளிகைக் கடை வாசலில் டாமினோ. எதிரே கிரிகோ. வேறு கிளப்புக்கு ஆள் பார்ப்பவன், என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், திருட்டுப் பயல். காயை வைத்துக்கொண்டே, "கன்சுவேலோவுல ஒரு ஒல்லிப் பையன் நெருப்பா வீசுறானாமே?" என்றான்.

யோசிக்கவே இல்லை. "அவனா? வலது முழங்கை போச்சுடா. நானே போய்ப் பார்த்தேன். பாவம்."

கிரிகோ உச்சுக் கொட்டினான். மேசையில் இருந்த மற்ற இரண்டு பேரும் கேட்டார்கள். ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்தேன்.

இதில் என்ன தப்பு? எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதானே. மற்ற கிளப் கண்ணில் படாமல் இருக்க ஒருத்தன் பையனை அத்தை வீட்டுக்கு அனுப்புவான், ஒருத்தன் பெயரை மாற்றிச் சொல்லுவான், ஒருத்தன் காய்ச்சல் என்பான். நான் முழங்கை என்றேன். அவ்வளவுதான்.

மே 19

தௌரிஸின் பிறந்த நாள். கேக் வாங்கிப் போனேன். வீசிக் காட்டினான். தொண்ணூற்று மூன்று!

ஜூன் 12

கிரெக் போன் செய்தான். குரலே சரியில்லை.

"எவரிஸ்தோ, உன் பையனுக்கு முழங்கை கெட்டிருக்குன்னு மூணு பேர்கிட்டேருந்து கேள்விப்பட்டேன். உண்மையா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். "பொய்ங்க, நான்தான் கிளப்பிவிட்டேன்." ஒரே வரி. வாய் வரவில்லை. போன வருஷம்தான் பொய் சொன்னதற்காக ஒருத்தனை வேலையை விட்டுத் தூக்கினார்கள். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்... இதெல்லாம் ஒரு சாக்கா?

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். என் பொய்யை நானே விசாரிக்கப் போகிறேனாம்.

ஜூன் 16

சான் பெத்ரோ ஆஸ்பத்திரியில் தௌரிஸுக்கு ஸ்கேன் எடுத்தோம். முழங்கை சுத்தமாக இருக்கிறது. டாக்டரைக் கட்டிப்பிடிக்காத குறை. வாசலுக்கு வந்ததும் கிரெக்குக்குப் போன் போட்டேன். அவர்கள் வெள்ளிக்கிழமையே வேறொரு பையனிடம் பேசி முடித்துவிட்டார்களாம்.

"மன்னிச்சுக்கோ. அடுத்த தடவை பார்ப்போம்."

தௌரிஸ் வண்டியில் எனக்காகக் காத்திருந்தான். ஜன்னலைத் திறக்கக் கூட இடது கையைத்தான் நீட்டினான்.

ஜூலை 2

கையெழுத்து நாள். ஊரெல்லாம் பட்டாசு, மேளம், பீர். கன்சுவேலோவில் ஒன்றுமில்லை. நான் அங்கே போகவில்லை. போக முகம் ஏது?

ஜூலை 9

மளிகைக் கடையில் கிரிகோவிடம் போய் நின்றேன். நின்றேன் என்ன, காலில் விழாத குறை. "பையன் கை நல்லா இருக்குடா. அன்னிக்கு நான் சொன்னது பொய். இந்தா ஸ்கேன்."

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "நல்ல முழங்கைதான். யாரோடது? உன் மச்சினனோடதா?" கடையே சிரித்தது. "உன் கிளப்பே வேணாம்னு விட்டதை என் தலையில கட்டப் பாக்குறியா, மச்சான்?"

அவன் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பேர் மாற்றி, வயசு மாற்றி, பிறப்புச் சான்றிதழ் மாற்றிப் பிழைக்கிற தீவில் எவனுடைய ஸ்கேனை எவன் நம்புவான்?

ஜூலை 28

தௌரிஸை நானே கூட்டிக்கொண்டு அலைகிறேன். நான்கு கிளப்புகளில் வீசிவிட்டான். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, "முழங்கை வலிக்குதா?" வலிக்கவில்லை என்று காட்ட இன்னும் வேகமாக வீசுகிறான். இருபது பந்து கேட்டால் அறுபது போடுகிறான். "போதும்டா" என்றேன். "இல்லீங்கய்யா, இன்னும் ஒருத்தர் நம்பாத மாதிரி பாக்குறாரு" என்றான்.

அப்போதாவது அவன் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றியிருக்க வேண்டாமா? நானும் ரேடாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொண்ணூற்று நாலு.

ஆகஸ்ட் 6

போச்சு. இன்னொரு கிளப், எழுபத்தோராவது பந்து. கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. வலது முழங்கை.

கடவுளே, வலது முழங்கை.

ஆகஸ்ட் 22

தசைநார் முழுசாக அறுந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் பழைய கை வராது என்கிறார் டாக்டர். அவர் சொல்லச் சொல்ல நியுர்கா என்னைத்தான் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைவீதியில சொன்னாங்க அண்ணே. மார்ச் மாசமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க மனசு நோகக் கூடாதுன்னு வாயைத் திறக்காம இருந்துட்டீங்க."

தௌரிஸ் தலையாட்டினான். "நான்தான் எனக்கு வலி இல்லைன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஸ்கேனுக்குத் தெரியாதது ஐயா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அது முதல்லயே கெட்ட கைதான்."

அடப்பாவி, நான் ஒண்ணும் பாக்கலடா! ஒண்ணுமே பாக்கல! — இதை நோட்டில் கத்துகிறேன். அங்கே நின்று தலையைக் குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 3

கிரெக் கடிதம். முழங்கை கெட்டது என்று மார்ச்சிலேயே முதலில் சொன்னவன் நான்தான் என்று அவன் காதுக்கும் போயிருக்கிறது. நல்ல நேரத்தில் எச்சரித்துக் கிளப்பைக் காப்பாற்றினேனாம். தீவிலேயே கூர்மையான கண் என்னுடையதாம். ஜனவரியிலிருந்து கிழக்குப் பகுதி முழுக்க என் பொறுப்பு.

பெண்டாட்டி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஒரு வாய் வைத்தேன், எழுந்து போய் வாந்தி எடுத்தேன்.

செப்டம்பர் 27

மூன்று தடவை கன்சுவேலோ வரை போய், உண்மையைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நியுர்கா எனக்கென்று தனியாக எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு வருகிறேன். வண்டியில் மூன்று பொட்டலம் காய்ந்து கிடக்கிறது. கோழை. வேறென்ன?

அக்டோபர் 5

சொல்லிவிட்டேன்.

காலையில் நடந்ததைக் கிரெக்குக்கு எழுதிப் போட்டேன். நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். தௌரிஸ் எண்ணெய்ச் சட்டியருகே இடது கையால் பொரித்துக்கொண்டிருந்தான். வலது கை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. டாமினோ மேசையிலிருந்து ஆரம்பித்தேன். கிரிகோ கேட்டது, நான் சொன்னது, கிரெக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டது, எல்லாம்.

நியுர்கா மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தௌரிஸ்தான் கேட்டான்.

"அப்போ என் கை நல்ல கையாத்தான் இருந்துதா?"

"நல்ல கைடா. நான் பார்த்ததிலேயே நல்ல கை."

"மெய்யாவா?"

"மெய்யா."

அவன் தன் வலது கையைக் குனிந்து பார்த்தான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு மேல் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டியோரம் எனக்கென்று எடுத்து வைத்திருந்த யானிகெகே இருந்தது. நியுர்கா அதை எடுத்தாள். என் தோளுக்கு மேல் பார்த்து, எனக்குப் பின்னால் நின்றவரிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு எத்தனை வேணும்?" என்று அவரைக் கேட்டாள்.

நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.